பனிநாட்டு விட்டில் மாந்தர்

மழைக்காலத்து மாலை ஒன்றில், மேல்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவன் ஒருவன் பங்கு இல்லத்திற்கு வந்தான். பலிபீடத்தில் உதவி செய்யும் பிள்ளை; அதிகம் பேசாதவன். கையிலிருந்த ஓவிய ஏட்டை நம் மேசைமீது விரித்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். பக்கங்கள் முழுவதும் பனி. மரமில்லை, வயலில்லை, வீடில்லை. அந்த வெண்பரப்பின் நடுவே மனிதரைப்போல் நிமிர்ந்து நிற்கும் சில உருவங்கள். தோள்களில் சாம்பல்நிறச் சிறகுகள். நெற்றியில் இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகள். மேனியெங்கும் அடர்ந்த மென்மயிர். விளக்கைச் சுற்றும் விட்டில் மனிதனாகப் பிறந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தனர். ‘விட்டில் மாந்தர்’ என்று அவர்களுக்குப் பெயரும் இட்டிருந்தான்.

அவர்களுடைய வாழ்வையும் அவன் வகுத்து வைத்திருந்தான். முட்டையிலிருந்து வெளிவரும் பிள்ளை புழு வடிவினது. அதற்குப் பேச்சு இல்லை. ஆண்டில் சில கிழமைகள் மட்டுமே அந்நாட்டில் பனி இளகும். அப்போது அது தின்னும், சிறிது வளரும். பிறகு பாறையிடுக்கில் உறைந்து கல்லைப்போல் கிடக்கும். இவ்வாறு பல குளிர்காலங்கள். இறுதிக் கோடையில்தான் கூடு கட்டி, சிறகும் பேச்சும் சிந்தனையும் பெற்று வெளிவரும். அதன்பின் அதற்குச் சில நாள்களே ஆயுள். அந்தச் சில நாள்களில் அவர்கள் பாடுகிறார்கள்; வழக்குத் தீர்க்கிறார்கள்; இறந்தோரை அடக்கம் செய்கிறார்கள்.

“சாமி, இவங்களுக்கு ஆன்மா உண்டா? வந்து கேட்டா ஞானஸ்நானம் கொடுப்பீங்களா?” என்று கேட்டான்.

‘தேர்வு நெருங்குகிறது, பாடத்தைப் படி’ என்று சொல்லி அனுப்பிவிடவே முதலில் நமக்குத் தோன்றியது. ஆனால் அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. இரவு செபம் முடிந்த பின்பும் அக்கேள்வி நம்மை விடவில்லை. இல்லாத மாந்தரைப் பற்றிய கேள்விதான். எனினும் இருக்கின்ற மாந்தரை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை அது வெளிக்கொணரக் கண்டோம். அச்சிந்தனையையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மாணவனின் கற்பனைக்கு இயற்கையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கிரீன்லாந்திலும், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவிலும் ‘ஆர்க்டிக் கம்பளிப்புழு’ என்று அழைக்கப்படும் விட்டிலினப் புழு ஒன்று வாழ்கிறது. கோடையின் தொடக்கத்தில் சில கிழமைகள் மட்டும் அது குட்டையான ஆர்க்டிக் வில்லோச் செடியின் தளிர்களைத் தின்னும். தின்னும் நேரத்தைவிட, வெயிலை நோக்கி உடலைத் திருப்பிக்கொண்டு குளிர்காயும் நேரமே மிகுதி. பின்னர் பாறையடியில் பட்டிழையால் சிறு போர்வை நெய்துகொண்டு அதனுள் உறைந்துவிடும். அதன் உடலில் ஊறும் கிளிசரால் என்னும் பொருள் உயிரணுக்களைச் சிதையாமல் காக்கிறது. உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வரையிலான குளிரையும் அது தாங்கி, மறு ஆண்டு மீண்டும் அசையும். இப்படியே ஏறத்தாழ 7 ஆண்டுகள். 14 ஆண்டுகள் என்றுகூட முன்பு கணக்கிட்டிருந்தனர். முடிவில் சிறகு பெற்று, இணைகூடி, முட்டையிட்டு, அந்தக் கோடையிலேயே மடிகிறது. உறைந்து கிடக்கும் அதைக் கையில் எடுப்பவர், செத்த புழு என்று எறிந்துவிடக்கூடும். படைத்தவனின் கைவண்ணம் நம் கண்ணுக்கு எட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை.

இனி, வினாவிற்கு வருவோம். மனித உருவம் இல்லாத, ஆனால் அறிவுடைய ஓர் இனம் இருக்குமானால் அதை எவ்வாறு கருதுவது? இது புதிய வினா அன்று. புனித அகுஸ்தினார் தமது ‘கடவுளின் நகர்’ நூலின் 16-ஆம் பகுதியில் இதனை எடுத்துப் பேசுகிறார். ஒற்றைக் கண்ணர், பாதம் பின்நோக்கித் திரும்பியவர், ஒற்றைக் காலையே குடையாகப் பிடித்து நிழல் தேடுபவர், நாய்த்தலையர் எனப் பல விசித்திர இனங்களைப் பற்றி அந்நாளில் கதைகள் உலவின. கார்த்தேஜ் நகரின் கடற்கரைச் சதுக்கத்தில் அவர்களின் உருவங்களைச் சிறுகற்களால் பதித்தும் வைத்திருந்தனர். இவற்றையெல்லாம் நம்பியே ஆகவேண்டியதில்லை என்கிறார் அகுஸ்தினார். ஆனால், எங்கேனும் அறிவும் இறப்பும் உடைய உயிராக ஒருவர் பிறந்திருப்பாராயின், அவருடைய உருவமோ நிறமோ குரலோ நமக்கு எவ்வளவு விந்தையாகத் தோன்றினாலும், அவர் நம் முதல் தந்தையின் வழிவந்தவரே என்பதில் ஐயம் கூடாது என்று முடிக்கிறார். உருவத்தை அளவுகோலாகக் கொள்ள அவர் மறுத்தார்.

9-ஆம் நூற்றாண்டில் இதே வினா மிகவும் நடைமுறை சார்ந்ததாக எழுந்தது. டென்மார்க், சுவீடன் முதலிய குளிர் நிலங்களில் மறைப்பணி நடந்த காலம் அது. அப்பணியில் ஈடுபட்டிருந்த ரிம்பெர்ட் என்னும் குரு, பின்னாளில் பேராயரானவர், நாய்த்தலை மனிதர்களைப் பற்றித் தாம் கேள்விப்பட்டவற்றை எழுதி, வட பிரான்சின் கோர்பி மடத்துத் துறவி ரத்ராம்னுசிடம் கருத்துக் கேட்டார். அவர்கள் ஆதாமின் மக்களா, விலங்குகளா? தொலைவிலிருந்து பார்க்கும் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் குருவுக்கு அது கடமை பற்றிய கவலை. அவர்கள் மனிதர் எனில் அவர்களுக்கும் நற்செய்தி உரியது. அதை மறைப்பது பாவம்.

ரத்ராம்னுசின் மறுமொழிக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. உருவத்தையும், பேசாமல் குரைக்கிறார்கள் என்ற செய்தியையும் பார்த்தால் அவர்களை விலங்கோடு சேர்க்கவே தோன்றும், திருச்சபை சார்ந்தோர் பலரின் எண்ணமும் அதுவே என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவர்கள் ஊராகக் கூடி வாழ்கிறார்கள். சட்டமின்றி ஊர் இல்லை, அறிவின்றிச் சட்டம் இல்லை. நிலத்தை உழுகிறார்கள். விலங்குகளைப் பழக்கி வளர்க்கிறார்கள். நாணம் அறிந்து உடலை மறைக்கிறார்கள். ஆகவே அவர்களிடம் அறிவுள்ள ஆன்மா உண்டு என்பதே அவருடைய முடிவு. நூலறை ஒன்றில் அமர்ந்து, தாம் கண்டிராத மாந்தருக்காக ஒரு துறவி இவ்வளவு பொறுமையோடு வாதாடியிருக்கிறார். நாய்த்தலையர் யாரும் உலகில் இல்லை என்பது இன்று நமக்குத் தெரியும். அதனால் அந்த வாதம் வீணாகிவிடவில்லை. முகத்தைப் பார்க்காதே, வாழ்வைப் பார் என்பதே அதன் உட்பொருள்.

இன்னொரு வகையிலும் இதை எண்ணிப் பார்க்கலாம். ‘ஆள்’ என்னும் சொல்லுக்கு 6-ஆம் நூற்றாண்டில் போயத்தியுஸ் வகுத்த இலக்கணத்தைக் குருமடத்தில் பயின்ற எவரும் மறக்கமாட்டார். அறிவார்ந்த இயல்பையுடைய தனியொரு பொருளே ஆள். இதில் கை, கால், தோல், உயரம் எவையும் இடம்பெறவில்லை. புனித தோமா அக்குவினார் இதனை ஏற்று விளக்கினார். உடலே இல்லாத வானதூதர்களை நாம் ஆள்கள் என்றே நம்புகிறோம். ‘சம்மனசுகளே’ என்று நம் பாட்டிமார் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மனிதரல்லாத அறிவுயிர் நம் நம்பிக்கைக்கு அந்நியமானது அன்று. நாள்தோறும் அவர்களோடு சேர்ந்தே ‘தூயவர்’ கீதம் பாடுகிறோம்.

1277-இல் பாரிசு ஆயர் எத்தியேன் தாம்பியே தவறானவை எனத் தள்ளிய கூற்றுகளுள், கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்பதும் ஒன்று. 2014 மே 12 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் காலைத் திருப்பலி மறையுரையில், செவ்வாய்க் கோளிலிருந்து சிலர் வந்து அவர்களுள் ஒருவர் திருமுழுக்குக் கேட்டால் என்ன செய்வோம் என்று வினவினார். பேதுரு கொர்னேலியுவின் வீட்டிற்குள் சென்றதைப் பற்றிய வாசகத்தை விளக்கும்போதே அவ்வாறு கேட்டார். கதவைச் சாத்துவதற்கு நாம் யார் என்பதே அவருடைய கருத்து. நம் மாணவன் தன்னை அறியாமலே நல்ல கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான்.

ஆதாமின் வழிவராத ஓர் இனத்துக்கு மீட்பு எவ்வாறு அமையும், திருவருள்சாதனங்கள் அவர்களுக்கு உரியவையா என்பனவற்றில் மறைவல்லுநரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. அவர்களுக்கு நாம் எத்தகைய மதிப்புக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதே நம் வினா. அதில் தவறினால் என்ன நிகழும் என்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது. 1511-ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில், ஹிஸ்பானியோலாத் தீவில், அந்தோனியோ தெ மோந்தேசினோஸ் என்னும் தொமினிக்கன் துறவி பீடத்தில் ஏறி, நீங்கள் வதைக்கும் இம்மக்கள் மனிதர்கள் இல்லையா என்று தம் இனத்தாரையே கேட்டார். 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்க நாட்டு மக்கள் உண்மையான மனிதர்களே, அவர்களுடைய உரிமையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று அறிவித்தார். அதன்பின்பும் 1550-இல் வல்லதோலித் நகரில் செபுல்வேதாவும் லாஸ் காசாசும் அவர்களை அடக்கி ஆளுதல் முறையா என்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். அம்மக்களுக்கு நாய்த்தலை இல்லை, சிறகும் இல்லை. நம்மைப் போன்ற முகமே இருந்தது. இருந்தும் கேள்வி எழுந்தது. ஏனெனில் அவர்களுடைய நிலமும் உழைப்பும் தேவைப்பட்டன. ஏட்டில் மனிதர் என்று எழுதிவிட்டு நடப்பில் மறுப்பது எப்படி என்பதை, நம் கல்லறைத் தோட்டங்களில் எழுப்பப்பட்ட சுவர்களை அறிந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அம்மாணவனை அழைத்துப் பேசினோம். உன் விட்டில் மாந்தர் பாடுகிறார்கள், வழக்குத் தீர்க்கிறார்கள், இறந்தோரை அடக்கம் செய்கிறார்கள். ஆகவே ரத்ராம்னுசின் தீர்ப்புப்படி அவர்கள் ஆள்களே என்றோம். அவன் மகிழ்வான் என்று எதிர்பார்த்தோம். அவனோ ஏட்டைப் புரட்டி, பாறையிடுக்கில் உறைந்து கிடக்கும் புழுவின் படத்தைக் காட்டினான்.

“இது எதுவும் செய்யலையே சாமி. இது யாரு?”

நாம் வாயடைத்துப் போனோம். ஊர் கூடுதல், உழுதல், உடுத்தல், சட்டம் என்று நாம் அடுக்கிய அடையாளங்களுள் ஒன்றேனும் அந்தப் புழுவிடம் இல்லை. அது பேசவில்லை, சிந்திக்கவில்லை, மூச்சுவிடுவதாகக்கூடத் தெரியவில்லை. செயலைக் கொண்டு ஆளை அளந்தால், விட்டில் மாந்தர் தம் வாழ்நாளில் கடைசிச் சில நாள்கள் மட்டுமே ஆள்கள். அதற்கு முந்தைய நெடுங்காலமெல்லாம் வெறும் பொருள்கள் என்றாகும்.

இவ்விடத்தில் நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, முதிய அம்மையார் ஒருவர் பக்கவாதத்தால் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் அசைவு இல்லை. நாம் சென்று நோயிற்பூசுதல் அளித்தோம். சடங்கை முறைப்படி செய்தோம். அவர் பெயரைச் சொல்லியே செபித்தோம். எண்ணெய்ச் சிமிழை மூடியதும், அதே கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அவருடைய மக்களோடு அடக்க ஏற்பாடுகளைப் பேசத் தொடங்கினோம். பழைய வரிசையில் இடம் நெருக்கடியாக இருக்கிறது, புதிய வரிசையில் குழி வெட்டலாம் என்று நாமே யோசனை சொன்னோம். குரலைத் தாழ்த்தவும் இல்லை. கட்டிலில் கிடந்தவர் அந்த உரையாடலில் ஓர் ஆளாக நமக்குத் தோன்றவே இல்லை.

அம்மையார் பிழைத்துக்கொண்டார். சில கிழமைகளுக்குப் பின் நற்கருணை கொடுக்க அவர் வீட்டுக்குச் சென்றோம். நன்மை வாங்கி, சற்று நேரம் கண்மூடியிருந்துவிட்டு, சினமின்றிச் சொன்னார்: “சாமி, எனக்குக் குழி எங்க வெட்டணும்னு பேசினீங்களே, அவர் பக்கத்துலயே வெட்டச் சொல்லியிருக்கலாமே.”

நாம் தலைகுனிந்தோம். மன்னிப்புக் கேட்டபோது அவர் நம் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையின் கனம் இன்றும் நம் கைமேல் இருக்கிறது.

2006-இல் இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனும் உடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பின்னர் அறிந்தபோது அந்த அம்மையாரை நினைத்துக்கொண்டோம். விபத்தில் தலையில் அடிபட்டு, உணர்வற்ற நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட இளம்பெண் ஒருவரிடம், டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் கற்பனை செய்யுமாறு கூறி மூளையைப் படம்பிடித்தனர். நலமுள்ளோர் அவ்வாறு கற்பனை செய்யும்போது மூளையின் எப்பகுதி இயங்குமோ, அப்பகுதியே அவரிடமும் இயங்கியது. விரலும் அசையாத உடலுக்குள்ளிருந்து ஒருவர் மறுமொழி தந்துகொண்டிருந்தார்.

ஆனால் நம் சிந்தனையை இதனோடு நிறுத்திவிட்டால் மீண்டும் தவறிவிடுவோம். அம்மையார் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் நாம் செய்தது குற்றமா? அவர் உண்மையிலேயே ஒன்றும் கேளாதிருந்தால் அது சரியாகியிருக்குமா? இல்லை. கேட்கும் காதுக்கு அன்று, அந்த ஆளுக்கே நாம் கடன்பட்டிருந்தோம். போயத்தியுசின் இலக்கணத்தை மறுபடி ஊன்றிப் பார்த்தால் இது விளங்கும். அறிவின் செயல் என்று அவர் கூறவில்லை. அறிவார்ந்த இயல்பு என்றார். உறங்குகிறவர் சிந்திப்பதில்லை, ஆள் இல்லாமற் போவதில்லை. தொட்டிற் குழந்தையும், நினைவு மங்கிப் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்த முதியவரும், பிறவியிலேயே பேச்சும் புரிதலும் வாய்க்காதவரும், இயல்பால் நம்முள் ஒருவரே. செயல் என்பது இயல்பை நமக்குக் காட்டிக்கொடுக்கும் விளக்கு. விளக்கு எரியவில்லை என்பதால் வீட்டில் ஆளில்லை என்று முடிவுகட்டுவது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே ரத்ராம்னுசு தவறினார் என்று நாம் கூறவில்லை. அவருடைய அடையாளங்கள் கதவைத் திறக்கும் திறவுகோல்கள். அயலாரை உள்ளே வரவேற்க அவற்றைப் பயன்படுத்தினார். அவற்றையே கதவை அடைக்கும் தாழாகப் பயன்படுத்துவதுதான் தவறு. சட்டம் இயற்றுகிறவர் ஆள் என்பது மெய். சட்டம் இயற்றாதவர் ஆள் அல்லர் என்பது அதிலிருந்து பெறப்படுவதில்லை.

அப்படியானால் எல்லாப் புழுவும் ஆள்தானா என்று ஒருவர் வினவலாம். அன்று. எல்ஸ்மியர் தீவின் கம்பளிப்புழு எத்தனை ஆண்டு வளர்ந்தாலும் விட்டிலாகவே ஆகும். பாடாது, வழக்குத் தீர்க்காது. அதுவும் இறைவனின் படைப்பு, வீணே அழிக்கத்தக்கது அன்று. ஆனால் அது ஆள் அன்று. மாணவன் வரைந்த புழுவோ பாடப்போகும் ஓர் இனத்தின் பிள்ளை. உறைந்து கிடக்கும் வேளையில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பதில் அவை வேறுபடவில்லை, எத்தகையது என்பதில்தான் வேறுபடுகின்றன. பாடுமுன்பே அது குளிரில் இறந்துவிட்டாலும், இறந்தது அவ்வினத்தின் பிள்ளைதான்.

இவற்றை நாம் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தபோது, மாணவன் ஏட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். பனிப்புயலுக்கு நடுவே ஒரு பாறை. அதன் இடுக்கில் உறைந்த பிள்ளை. அதன்மேல் சிறகை விரித்து மறைத்தபடி ஒருவர் அமர்ந்திருக்கிறார். அது அவர்களுடைய சட்டமாம். சிறகு பெற்றவர் ஒவ்வொருவரும், தமக்குக் கிடைத்த சில நாள்களில் ஒன்றை, தம் பிள்ளையல்லாத ஒரு பிள்ளையைக் காப்பதற்குக் கொடுக்க வேண்டும். அப்பிள்ளை விழித்தெழுவதை அவர் காணப்போவதில்லை. தன்னைக் காத்தவர் யார் என்று அப்பிள்ளையும் அறியப்போவதில்லை. நாம் குருமடத்து நூல்களையெல்லாம் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில், அவன் முன்னமே ஒரு படத்தை வரைந்து வைத்திருந்தான்.

திருமுழுக்கைப் பற்றிய கேள்வியை அவன் மறக்கவில்லை. பனிக்கட்டியால் கொடுத்தால் செல்லாது, உருக்கிய நீரால் கொடுக்கலாம் என்று பழைய நூல்களில் படித்ததைச் சொன்னோம். அவர்கள் வந்து கேட்டால் அடுப்பு மூட்டிப் பனியை உருக்கத் தொடங்குவோம். அது உருகும் நேரத்திற்குள் ஆயருக்கு ஒரு கடிதமும் எழுதுவோம் என்றோம். அவன் முதன்முறையாகச் சிரித்தான்.

விட்டில் மாந்தர் நம் வாயிற்படிக்கு வரப்போவதில்லை. ஆனால் நம் பங்குகளில் ஏதோ ஒரு வீட்டின் பின்னறையில், பேச்சின்றிப் படுத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த முறை அங்கே செல்லும்போது அவர் பெயரைச் சொல்லி அழைப்போம். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரோடு பேசுவோம். மறுமொழி வராவிட்டாலும் சற்று நேரம் அருகில் அமர்ந்திருப்போம்.